ஆங்கிலத்தில் ‘ங்க’ எங்கே இருக்கிறது?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். இலக்கணம் ஒழுங்காகப் படித்திருக்கிறீர்கள், பேசுவதிலும் பிழை இல்லை. அப்படியிருந்தும் நீங்கள் அதட்டுவது போல இருக்கிறது என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ப்ளீஸ்’ போட்டும் தீரவில்லை. அன்றாடப் பேச்சில் எப்படிப்பட்ட வாக்கியங்கள் புழங்குகின்றன, முதலில் எதைப் பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் ஆங்கிலத்தில் கோளாறு எதுவும் இல்லை. மரியாதையை வைக்கும் இடம்தான் வேறு. தமிழில் ‘அனுப்பு’ என்பதோடு ஒரு ‘ங்க’ சேர்த்தால் போதும், கட்டளை வேண்டுகோளாகிவிடும். ஆங்கிலத்திலும் முன்பு இப்படி ஒன்று இருந்தது. நெருங்கியவரையும் கீழே உள்ளவரையும் ‘தௌ’ என்பார்கள், மற்றவரை ‘யூ’ என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள், சில வட்டாரப் பேச்சுகளைத் தவிர மற்ற இடங்களில் ‘தௌ’ வழக்கொழிந்துபோய், எல்லோருக்கும் ‘யூ’ என்றாகிவிட்டது. வினைச்சொல்லிலும் மரியாதையை ஒட்டவைக்க இடம் கிடையாது. அதனால் அந்த வேலை முழுவதும் வாக்கிய அமைப்பின் தலையில் விழுந்துவிட்டது.

‘செண்ட் மீ த ஃபைல், ப்ளீஸ்’ என்று எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மனதில் அது ‘அந்த ஃபைலைக் கொஞ்சம் அனுப்புங்களேன்’ என்பதுதான். படிப்பவருக்கோ அது உத்தரவு. ப்ளீஸ் சேர்ந்ததால், பொறுமையிழந்து போட்ட உத்தரவாகக்கூடத் தோன்றலாம். அதையே ‘குட் யூ செண்ட் மீ த ஃபைல்?’ என்று கேள்வியாக்கிப் பாருங்கள். இப்போது ப்ளீஸ் விட்டுப்போனாலும் குறையில்லை. கேள்வி என்றால் ‘இப்போது முடியாது’ என்று சொல்ல வழி இருக்கிறது. அந்த வழியைத் திறந்து வைத்துக் கேட்பதைத்தான் ஆங்கிலம் பேசுபவர்கள் மரியாதை என்கிறார்கள். பெரும்பாலும் யாரும் மறுக்கப்போவதில்லை, அது வேறு விஷயம்.

இதில் இன்னொரு சூட்சுமம் இறந்தகாலம். ‘குட்’, ‘வுட்’, ‘மைட்’ மூன்றும் பிறப்பால் ‘கேன்’, ‘வில்’, ‘மே’ ஆகியவற்றின் இறந்தகால வடிவங்கள். ஆனால் இப்படிக் கேட்கும்போது நேற்றைய கதை எதுவும் அவற்றில் இல்லை. பேசுபவர் ஓர் அடி தள்ளி நிற்கிறார், அவ்வளவுதான். ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப் மீ’ என்று ஒருவர் வந்து நின்றால், அவர் யோசித்து முடித்துவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள். உதவி இப்போதுதான் வேண்டும். ‘வாட் வாஸ் யுவர் நேம் அகைன்?’ என்பதும் இதே ரகம்தான். உங்கள் பெயர் மாறிவிடவில்லை, மறந்துபோனதை அவர் கூச்சத்தோடு கேட்கிறார். பள்ளியில் இறந்தகாலம் என்றால் நடந்து முடிந்தது என்று மட்டும் சொல்லிக்கொடுத்து விட்டுவிடுகிறார்கள். விலகி நிற்பதற்கும் அதே வடிவம்தான் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதற்காக எல்லோரிடமும் நீளமாக இழுக்க வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரரிடம் பேனா வாங்க ‘கேன் ஐ பாரோ யுவர் பென்?’ போதும். ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் பாஸிப்ளி’ என்று ஆரம்பித்தால் கிண்டல் செய்கிறீர்களோ என்று பார்ப்பார். கேட்கிற உதவி பெரிதாகப் பெரிதாக வாக்கியமும் நீளலாம்.

கட்டளை வாக்கியமே கூடாது என்றும் இல்லை. ‘ஹேவ் எ சீட்’, ‘டேக் யுவர் டைம்’, ‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ எல்லாம் அப்பட்டமான கட்டளைகள். ஆனாலும் யாருக்கும் உறுத்துவதில்லை, ஏனென்றால் ஆதாயம் எதிரில் இருப்பவருக்கு. ஆதாயம் உங்களுக்கு என்றால் கேள்வியாக்குங்கள், அவருக்கு என்றால் நேராகவே சொல்லுங்கள். இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே உங்கள் மேல் வரும் புகாரில் பெரும்பகுதி நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், பதில் சொல்வது. நம்மவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான், இதை யாரும் சொல்லியும் தருவதில்லை. ‘டின்ட் யூ கெட் மை மெயில்?’ என்று ஒருவர் கேட்கிறார், உங்களுக்கு மெயில் வரவில்லை. தமிழில் ‘ஆமாம், வரவில்லை’ என்போம், அவர் நினைத்தது சரி என்று ஒத்துக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்தில் ‘யெஸ்’ என்றால் அவருக்கு ‘வந்தது’ என்றுதான் காதில் விழும். ஆங்கிலத்தில் கேள்வி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கக் கூடாது, நடந்தது என்ன என்று மட்டும் பார்க்க வேண்டும். வந்திருந்தால் ‘யெஸ், ஐ டிட்’, வராவிட்டால் ‘நோ, ஐ டின்ட்’. ‘யூ ஹேவன்ட் ஃபினிஷ்ட்?’ என்று மேலாளர் கேட்டு, நீங்கள் முடிக்காத வேலைக்கு ‘யெஸ்’ என்று மட்டும் சொன்னால், முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவர் போய்விடலாம். வெறும் யெஸ், நோவோடு நிறுத்தாமல், பின்னால் அந்தக் குட்டி வினையையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். முதல் சொல் தடுமாறினாலும் இரண்டாவது காப்பாற்றும்.

‘டு யூ மைண்ட் இஃப் ஐ ஓபன் த விண்டோ?’ என்பதிலும் இதே சிக்கல். கேட்பது ‘உங்களுக்கு ஆட்சேபம் உண்டா’ என்று. சம்மதம் என்றால் ‘நோ, நாட் அட் ஆல்’ என்றுதான் சொல்ல வேண்டும். இதில் ஒரு வேடிக்கை, ஆங்கிலம் பேசுபவர்களிலேயே பலர் ‘ஷ்யூர், கோ அஹெட்’ என்றுதான் சொல்கிறார்கள், யாரும் குழம்புவதில்லை. நீங்களும் அதையே சொல்லிவிடுங்கள், தலைவலி இல்லை.

வாக்கியத்தின் கடைசியில் ‘இல்லையா?’ சேர்ப்பது தமிழில் சுலபம், ஒன்றே எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் முன்னால் வந்த வினைக்கு ஏற்ப மாறும். ‘யூ ஆர் கமிங், ஆர்ன்ட் யூ?’, ‘ஹி லெஃப்ட், டின்ட் ஹி?’ கை வரும்வரை ‘ரைட்?’ என்று முடித்துக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சரி, இனி அவர்கள் உங்களிடம் சொல்வது. கட்டளைகளை அவர்களும் மூடி மறைத்துத்தான் தருவார்கள். ‘யூ மைட் வாண்ட் டு செக் தட்’ என்று மேலாளர் சொன்னால், விருப்பம் இருந்தால் பாருங்கள் என்று அர்த்தம் இல்லை. அதில் தப்பு இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்கிறார். ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று தொடங்கினால் பயத்தைச் சொல்லவில்லை, பின்னால் மறுப்பு வருகிறது.

இதற்கு நேர் எதிரான வாக்கியம் ஒன்றும் உண்டு. ‘யூ ஹேட் பெட்டர் கம் எர்லி.’ ‘பெட்டர்’ என்ற சொல் உள்ளே இருப்பதால் பணிவான யோசனை என்று நினைத்து நம்மவர்கள் தாராளமாகச் சொல்கிறார்கள். உண்மையில் அது எச்சரிக்கை, ‘சீக்கிரம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்’ என்கிற தொனி. மேலதிகாரியிடம் மறந்தும் வேண்டாம். ‘இட் மைட் பி பெட்டர் டு கம் எர்லி’ என்றால் யோசனையாக நிற்கும்.

காலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ வேண்டாம். எப்போது என்று குறித்துச் சொன்னால் ‘ஐ சா ஹிம்’தான். ‘இரண்டு வருஷமாக இங்கே இருக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் ‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று வந்துவிடுகிறது. ‘ஐவ் பீன் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்’ என்பதே சரி. ‘சின்ஸ்’ தொடங்கிய நாளுக்கு, ‘ஃபார்’ கழிந்த காலத்துக்கு.

இது வெறும் இலக்கணச் சுத்தம் இல்லை, புதிதாக வந்தவர்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்வியே இதில்தான் நிற்கிறது. ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?’ என்றால் வந்து எவ்வளவு நாள் ஆகிறது. ‘ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?’ என்றால் மொத்தம் எவ்வளவு நாள் இருக்கப்போகிறீர்கள். இரண்டாவதைக் கேட்கும்போது வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்குப் பார்த்து ‘த்ரீ மந்த்ஸ்’ என்று சொல்லிவிட்டால், கிளம்பப்போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். நிரந்தரமாக வந்திருந்தால் ‘ஐ லிவ் ஹியர் நவ்’ என்று சொல்லிவிடுங்கள்.