லைசென்ஸை நிறுத்துவது வயிற்றில் அடிப்பதா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

வணக்கம். போன மாதம் எழுதிய கட்டுரையில், குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களிடம் அபராதம் மட்டும் வாங்கினால் போதாது, லைசென்ஸையும் நிறுத்திவைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். படித்த அன்று எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. இன்று அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

என் தம்பி சொந்தமாக ஒரு டாடா ஏஸ் வைத்து, புதுவயல் மில்களிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிப் பிழைக்கிறான். வண்டிக்கு மாதத் தவணை ஓடுகிறது. கொஞ்ச நாள் முன்பு காரைக்குடியில் ஒரு காதுகுத்து விருந்துக்குப் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது, கோட்டையூர் தாண்டி மடக்கி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். மெஷினில் 112 என்று வந்ததாம். கோர்ட்டில் 10,000 ரூபாய் கட்டினோம். கட்டினோம் என்றால், அவன் பெண்டாட்டி தோட்டை அடகு வைத்துக் கட்டினாள். அதோடு விட்டது என்று இருந்தோம். இப்போது ஆர்.டி.ஓ. ஆபீஸில் மூன்று மாதத்துக்கு லைசென்ஸை நிறுத்தி உத்தரவு போட்டுவிட்டார்கள். தை முடிகிறவரை அவன் வண்டியைத் தொட முடியாது.

அவன் யாரையும் இடிக்கவில்லை. பிடிபட்டது பைக்கில், போனது வேன் ஓட்டும் பிழைப்பு. ஒரு தப்புக்கு இரண்டு தண்டனையா? பணக்காரன் என்றால் டிரைவர் வைத்துக்கொள்வான். இவன் என்ன செய்வான்? “நம்ம ஊர் ரோடுதானே, காலையில் வெள்ளென ஓட்டிக்கிறேன், யாருக்குத் தெரியப்போகுது” என்கிறான். அம்மாவும் “விடு, புள்ள பிழைக்கட்டும்” என்கிறார். நான் என்ன சொல்லட்டும்?

பெயர் போட வேண்டாம்.

புதுவயலிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் நின்றுபோன இடம் அந்தத் தோடுதான். குடித்தது உங்கள் தம்பி. ஓட்டியதும் அவர். காது மூளியானது அவர் மனைவிக்கு. அபராதத்தின் பெரிய குறையே இதுதான் என்று வெகுநாளாக எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அதை யார் வேண்டுமானாலும் கட்டலாம். அண்ணன் கட்டலாம், முதலாளி கட்டிவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம், பெண்டாட்டி அடகுக்கடைக்கு நடக்கலாம். ஓட்டியவர் ரசீதை மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே அதே வண்டியில் ஏறிவிடலாம். லைசென்ஸை நிறுத்திவைப்பதை மட்டும்தான் அவருக்காக வேறு யாரும் கட்ட முடியாது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பவம் இருக்கிறது. அந்தக் கட்டுரையில் எழுதவில்லை, இப்போது சொல்கிறேன்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் குன்றக்குடி வழியாகத்தானே போகிறார்கள். அந்தச் சாலையில் நாங்கள் சிலர் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு பந்தல் போட்டு, ராத்திரியெல்லாம் தண்ணீரும் சுக்கு மல்லிக் காப்பியும் கொடுப்போம். பல வருஷத்துக்கு முன்பு ஒரு நாள், விடியற்காலை மூன்று மணி இருக்கும். நல்ல பனி. தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பியது. கடைசியாகப் போனவர் எழுபதைத் தொட்ட ஒரு ஆச்சி. தோளில் மஞ்சள் துணிப்பை, கையில் ஒரு சின்ன டார்ச். “வரட்டுமாப்பா” என்று என்னிடம் சொல்லிவிட்டு நாற்பதடி போயிருப்பார். பின்னாலிருந்து ஒரு பைக் வந்தது. சத்தத்தை வைத்தே நேராக வரவில்லை என்று தெரிந்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்குவதும் விடுவதுமாக அந்தச் சத்தம் கூடிக் கூடிக் குறைந்தது. நான் கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் முடிந்துவிட்டது.

ஆச்சி உயிரோடுதான் இருந்தார். கணுக்கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. டார்ச் பக்கத்துப் புல்லில் கிடந்து அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. இடித்த பையன் எங்கள் தெருக்காரன்தான். இருபத்து மூன்று வயது. சாராய வாடையோடு தரையில் உட்கார்ந்து, “அண்ணே, வேணும்னு செய்யலைண்ணே” என்று அழுதான். அவன் சொன்னது உண்மை. வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று குடித்தான், வேண்டுமென்று சாவியைத் திருகினான். அதற்கு மேல் நடந்தது எதுவும் அவன் கையில் இல்லை.

ஆச்சி அதற்கப்புறம் பழனிக்கு நடக்கவில்லை. பையன் வழக்கு அபராதத்தோடு போய்விட்டது. அந்த நாளில் முதல் தடவை குடித்துவிட்டு ஓட்டினால் சட்டம் போடச் சொன்ன அபராதமே 2,000 ரூபாய்க்கு மேல் இல்லை. அடுத்த வாரம் அதே பைக்கில், அதே சாலையில், பந்தல் போட்ட இடத்தைத் தாண்டி அவன் போனதை நான் பார்த்தேன். லைசென்ஸைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு ஆறாத இடம் அதுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு தப்புக்கு இரண்டு தண்டனையா என்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கோர்ட் போட்ட அபராதம் அன்றைக்கு ராத்திரி நடந்ததற்கு. ஆர்.டி.ஓ. உத்தரவு நாளைக்கு நடக்கக்கூடியதற்கு. யாரையும் இடிக்கவில்லை என்பது அவர் அதிர்ஷ்டம், எதிரே வந்தவர்களின் அதிர்ஷ்டம். நம் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். உங்கள் தம்பிக்கு அதைப்போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு இருந்திருக்கிறது. அந்த அளவில் கண்ணும் கையும் ஒன்றுக்கொன்று பேசாது.

அந்த மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதன் வேர் நம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. கோவையில் எலும்பு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்கக் கேட்டு 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. குடித்துவிட்டு ஓட்டினால் மூன்று மாதத்துக்குக் குறையாமல் லைசென்ஸை நிறுத்திவையுங்கள் என்று அந்தக் குழு 2015-ல் மாநிலங்களுக்குச் சொன்னது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது அபராதம் 10,000 ஆனது. முதல் தடவை என்றால் மூன்று மாதம் நிறுத்தம், மறுபடி மாட்டினால் லைசென்ஸே ரத்து என்பதும் 19-ஆம் பிரிவில் ஏறியது. நொறுங்கிய எலும்புகளைத் தினமும் பார்த்த ஒரு மருத்துவர் போட்ட வழக்கு இது. நம்மைப் போன்றவர்களின் வயிற்றில் அடிக்க யாரோ டெல்லியில் உட்கார்ந்து யோசித்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் பக்கத்தில் தெருவுக்கு ஒரு பிள்ளை சிங்கப்பூரில் இருக்கும். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை அனுமதி, நம்மைவிடத் தாராளம். ஆனால் அதைத் தாண்டி மாட்டினால், முதல் தடவைக்கே குறைந்தது இரண்டு வருஷம் வண்டி ஓட்டக் கூடாது. தடை ஒரு வருஷமோ அதற்கு மேலோ போனால் பழைய லைசென்ஸ் செல்லாது, முதலிலிருந்து டெஸ்ட் எழுதி எடுக்க வேண்டும். இங்கிலாந்திலும் அளவு 80தான். குறைந்தபட்சத் தடை 12 மாதம், பத்து வருஷத்துக்குள் மறுபடி செய்தால் மூன்று வருஷம். அங்கெல்லாம் நீதிபதி தண்டனை சொல்லும்போதே தடையும் சேர்ந்து வருகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும், குடித்து ஓட்டிய வழக்கில் கோர்ட்டே குறைந்தது ஆறு மாதத் தடை போட வேண்டும் என்றுதான் சொல்கிறது, ஆனால் உங்கள் தம்பி வழக்கு கோர்ட்டில் அபராதத்தோடு முடிந்துவிட்டது. குடிக்கும் அளவில் நாம் கறாராக இருந்துவிட்டு, வண்டியை விட்டு இறக்குவதில் கையைத் தளர்த்திவிட்டோம். இது மாற வேண்டும். அபராதம் கேட்கிற அதே நிமிஷத்தில், அதே மேஜையில் தடையும் சொல்லப்பட வேண்டும். அப்படியிருந்தால் “அதோடு விட்டது” என்று நீங்களும் இருந்திருக்க மாட்டீர்கள்.

பணக்காரன் டிரைவர் வைத்துக்கொள்வான் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் அபராதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய் ஒருத்தருக்கு ஒரு ராத்திரி ஓட்டல் பில், இன்னொருத்தருக்குக் காதுத் தோடு. மூன்று மாதம் என்பது இருவருக்கும் மூன்று மாதம்தான். டிரைவர் வைத்துக்கொண்டாலும் சரி, அந்த மூன்று மாதமும் அவர் கையில் ஸ்டியரிங் இருக்காது. சாலையில் நடக்கிறவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பிடிபட்டது பைக்கில், வேனை ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். லைசென்ஸில் உள்ள எல்லா வகை வண்டிக்கும் தடை போடலாம், குறிப்பிட்ட வகைக்கு மட்டும் போடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. உத்தரவுக்கு முன்பு அவர் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும், அது சட்டம். கேட்காமல் போட்டிருந்தால், அல்லது உத்தரவில் குறை இருந்தால், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். ஆனால் என் மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்காலியில் நான் இருந்தால் வேனுக்கு விலக்குத் தரமாட்டேன். குடித்தால் பைக்கை ஓட்டாமல் விடத் தெரியாதவர், அரிசி மூட்டை ஏற்றிய வேனையும் ஓட்டாமல் விட மாட்டார். இடித்தால் வேன் இன்னும் ஆழமாக இடிக்கும்.

வெள்ளென ஓட்டிக்கொள்கிறேன் என்கிறாரே, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். தடை இருக்கும்போது ஓட்டிப் பிடிபட்டால் 182-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 10,000 அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரியது இன்சூரன்ஸ். லைசென்ஸ் நிறுத்தப்பட்டவர் ஓட்டினால் பொறுப்பை மறுக்க கம்பெனிக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்தாலும், அந்தப் பணத்தை வண்டிக்காரரிடம் திரும்ப வசூலிக்கும். வண்டி உங்கள் தம்பி பெயரில். தவணை கட்ட முடியாமல் போவது ஒரு கஷ்டம், ஒரு குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் நஷ்ட ஈடு கட்டுவது வேறு கஷ்டம். முதலாவதிலிருந்து எழுந்துவிடலாம்.

வேன் நிற்க வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள். நின்றிருப்பது அவர் லைசென்ஸ்தான், வண்டி இல்லை. லைசென்ஸ் உள்ள ஒருவரைத் தினக்கூலிக்கு வைத்து ஓட்டச் சொல்லிவிட்டு, உங்கள் தம்பி கூடவே போய் மூட்டை ஏற்றி இறக்கலாம். மில்காரர்களோடு உள்ள பழக்கமும் விடாது. மிச்சம் குறையும், ஆனால் அடுப்பு எரியும். தவணைக்காரர்களிடம் இப்போதே போய் விஷயத்தைச் சொல்லி அவகாசம் கேளுங்கள், இரண்டு தவணை தவறிய பிறகு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். மூன்று மாதம் முடிந்து லைசென்ஸைத் திரும்ப வாங்க, ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் இப்போதே விசாரியுங்கள்.

இன்னொன்று. காதுகுத்து விருந்தில் மட்டும்தான் குடித்தாரா, தினமும் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. பதில் உங்களுக்குத் தெரியும். தினமும் என்றால், சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சர்க்கரைக்குப் போகிறோம், ரத்த அழுத்தத்துக்குப் போகிறோம். வண்டி ஓட்டாத இந்த மூன்று மாதம்தான் அதற்குத் தோதான சமயம்.

பைக் சாவி, வேன் சாவி இரண்டையும் அவர் மனைவியிடம் கொடுத்துவையுங்கள். அம்மாவிடம் வேண்டாம், அம்மா கொடுத்துவிடுவார். முதலில் அந்தத் தோட்டை மீட்கப் பாருங்கள், அதற்கான பணத்தை உங்கள் தம்பியின் கூலியிலிருந்து எடுங்கள்.

தை முடிகிறவரை தடை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பூசத்துக்கு முன்னால் அவருக்கு ராத்திரி வேலை ஒன்றும் இருக்காது. எங்கள் பந்தலுக்கு ஆள் போதவில்லை. பஸ்ஸில் வந்து இறங்கச் சொல்லுங்கள், நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். மூட்டை தூக்கிப் பழகிய கைக்குத் தண்ணீர் கேன் பாரமாக இருக்காது. விடியற்காலை மூன்று மணிக்கு நடக்கிறவர்களுக்கு ஓரமாக நின்று டார்ச் அடிக்கவும் ஒருவர் வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்