கொடைக்கானலில் ஏற்றம் கடைசியில்தான்

வணக்கம் சார்,

உங்கள் மலை நடைக் குறிப்புகளை விடாமல் படிக்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். கோக்கர்ஸ் வாக், தூண் பாறை எல்லாம் கார் சவாரியிலேயே முடிந்துவிட்டது, கூட்டத்தைத்தான் அதிகம் பார்த்தோம். எனக்கு வயது 56, இடது முழங்கால் கொஞ்சம் மக்கர். இனிமேல் நடக்க ஆரம்பிக்கலாமா? ஒரே மலையில் வருஷக்கணக்காக நடப்பது உங்களுக்குச் சலிக்கவில்லையா?

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

தாராளமாக ஆரம்பிக்கலாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. ஆனால் கொடைக்கானலில் ஒரு வில்லங்கம் உண்டு. மற்ற மலைகளில் காலையில் தெம்பாக ஏறி, சாயங்காலம் இறங்குவோம். இங்கே ஊரே ஏழாயிரம் அடிக்கு மேல் உட்கார்ந்திருப்பதால் பல நடைகளில் முதலில் இறக்கம், கால் ஓய்ந்த பிறகு ஏற்றம். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு இறங்கும் பாதையில் மரவேர்கள்தான் படிக்கட்டு. போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போன பையன்கள் வரும்போது அந்த வேர்களிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். உங்கள் முழங்காலுக்கோ இறக்கம்தான் எதிரி. கையில் ஒரு குச்சி, சின்னச் சின்ன எட்டு, செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் கால் வைப்பது, போதும். பாதித் தெம்பு மிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள்.

அதற்கும் கீழே வெள்ளகவி. தலைமுறை தலைமுறையாக அரிசி பருப்பு குதிரை முதுகில் போன ஊர், ஊருக்குள் செருப்புப் போடும் வழக்கமில்லை. நாமும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இப்போதைக்கு அது உங்களுக்கு வேண்டாம்.

சலிப்பா? குறிஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் பூத்தது, அப்புறம் 2018இல், இனி 2030. பூக்கும் வருஷம் வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் நடுவில் உள்ள வருஷங்களில் அதே செடியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சொரசொரப்பான இலையோடு, ஒன்றுக்கும் ஆகாத புதர் போலத்தான் நிற்கும். எனக்கு அந்த வெறும் வருஷங்கள்தான் பிடிக்கும், ஏனென்றால் பழகிய பாதையில்தான் என்ன மாறியிருக்கிறது என்று கண்ணுக்குப் படுகிறது. புல்வெளியாக இருந்த சரிவில் சீகை (வாட்டில்) மரம் ஏறிவிட்டது, பைன் காட்டுக்குள் ஊசி இலை மெத்தை போல விழுந்து அடியில் ஒரு புல் இல்லை (சினிமாக்காரர்களுக்கு அது அழகு, எனக்கு எரிச்சல்), பக்கத்துச் சோலைக்காட்டுக்குள் நுழைந்தால் பாசியும் ஈரமுமாக வேறு உலகம். மழைக்காலத்தில் அட்டையும் உண்டு. துணியில் உப்பை முடிந்து குச்சி நுனியில் கட்டிக்கொள்ளுங்கள். நனைத்துத் தொட்டால் தானாக விழும், பிய்த்து இழுக்க வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு. காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள், யூடியூபில் எவன் வழி காட்டினாலும் சரி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன இடத்தில் போன உயிர்களை நினைத்தால் இன்றும் மனசு ஆறாது. காய்ந்த போதைப்புல் (ஒருவகை மலைப்புல்) பற்றினால் தீ மேட்டைப் பார்த்து ஓடிவரும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ மலையேற்றத் திட்டம் 2024 அக்டோபரிலிருந்து இருக்கிறது, உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். ஊருக்குள்ளேயே காட்டுமாடு நிற்கும், செல்ஃபிக்குப் பக்கத்தில் போக வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை முடிந்து ஜனவரியில் வாருங்கள், வார நாளாகப் பார்த்து. வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதீர்கள்.