இடக்கையால் இழுப்பதா, வலக்கையால் அடிப்பதா?

கேள்வி: எனக்கு 48 வயதாகிறது. ஓராண்டாக டிரைவிங் ரேஞ்சில், அதாவது பந்தடித்துப் பழகும் திடலில், கோல்ஃப் பழகி வருகிறேன். வலக்கை ஆட்டக்காரன். பந்து இலக்குக்கு இடப்பக்கமாகக் கிளம்பி, பிறகு வலப்பக்கம் வளைந்து போய்விடுகிறது. கிளப், அதாவது பந்தடிக்கும் கோல், கீழே இறங்கும்போது இடக்கையால் இழுக்க வேண்டும் என்கிறார் ஒரு பயிற்சியாளர். வலக்கையால் அடிக்க வேண்டும் என்கிறார் மற்றொருவர். இருவருமே இடக்கையை விறைப்பாக நீட்டி வைக்கச் சொல்கிறார்கள். சில வாரங்களாக இடது முழங்கையின் வெளிப்புறம் வலிக்கிறது. மணிக்கட்டு மடிப்பைப் பழக்கும் கருவி ஒன்றை வாங்கினால் எல்லாம் சரியாகும் என்றும் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: கருவியை வாங்காதீர்கள். டவுன்ஸ்விங் (கிளப்பை மேலிருந்து பந்தை நோக்கி இறக்கும் வீச்சு) தொடங்கும் கணத்தில் இடக்கையால் இழுக்கவும் வேண்டாம், வலக்கையால் அடிக்கவும் வேண்டாம். அந்தக் கணத்தில் கைகள் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: தோள்கள் திரும்புவதற்கு முன்பு, உடலை ஒட்டிக் கீழே இறங்குவது. உங்கள் பந்து போகும் விதத்தைப் பார்த்தால் அந்த இறக்கம் நடக்கவில்லை என்று தெரிகிறது.

பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் கிளப்பின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, தீர்மானிக்கிறது. பிறகு அது எந்தப் பக்கம் வளைகிறது என்பது, முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் வந்த பாதைக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. உங்கள் பந்து இடப்பக்கம் கிளம்புவதால் முகம் சற்று இடப்பக்கம் பார்க்கிறது. ஆனால் அது வலப்பக்கம் வளைவதால், கிளப் வந்த பாதை முகத்தைவிட இன்னும் அதிகமாக இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதாவது, கிளப் வெளியிலிருந்து உள்நோக்கிக் குறுக்கே வெட்டுகிறது. பேக்ஸ்விங்கின் (கிளப்பைப் பின்னோக்கி மேலே தூக்கும் வீச்சின்) உச்சியிலிருந்து வலது தோளும் வலக்கையும் சேர்ந்து பந்தை நோக்கிப் பாய்வதே இதற்கு வழக்கமான காரணம். ஆர்வமும் பலமும் உள்ளவர்களுக்குத்தான் இந்தக் குறை அதிகமாக வருகிறது, ஏனெனில் பந்தை அடிக்க வேண்டும் என்ற எண்ணம் முதலில் கைக்குத்தான் போகிறது.

சரியான இறக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு நீங்கள் சிறு வயதில் செய்த ஒரு காரியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்து நீரின் மேல் ஓட்டாஞ்சில்லைத் தத்தித் தத்திப் போகும்படி எறிந்திருப்பீர்கள். அப்போது யாரும் சொல்லித் தராமலே உங்கள் எடை முன்காலுக்கு மாறியது, இடுப்பு திரும்பியது, முழங்கை விலாவை உரசியபடி முன்னே வந்தது, கை அதன் பின்னால் வந்தது, மணிக்கட்டு கடைசியாகச் சொடுக்கியது. கோல்ஃபில் வலக்கையின் வேலை ஏறத்தாழ இதுதான். எடை இடது பாதத்துக்கு மாறத் தொடங்கும்போது, மடங்கியிருக்கும் வலது முழங்கை விலாப் பக்கமாக இறங்கி, வலது இடுப்பெலும்புக்குச் சற்று முன்னால் வந்து சேர வேண்டும். இடக்கை மார்பை ஒட்டியபடியே அதனுடன் வரும். இடக்கை தரைக்கு இணையாக வரும் நேரத்தில் கிளப்பின் தண்டு ஏறக்குறைய செங்கோணத்தில் மேல்நோக்கி நின்றால், நீங்கள் எதையும் வீணாக்கவில்லை. அதன்பின் கைகள் தொடை உயரத்துக்கு வரும்போது கிளப் தானாக வெளியே விரிகிறது. கிளப்பின் தலை வேகமெடுக்கும் அதே நேரத்தில் கைகளின் வேகம் குறைகிறது. கைகளில் இருந்த வேகம் தலைக்குப் போய்ச் சேர்வதால் அப்படி நிகழ்கிறது. வலக்கை முழுதாக நீள்வது பந்தைத் தொட்ட பிறகுதான்.

மணிக்கட்டு மடிப்பைப் பிடித்து வைக்கும் கருவிகளை நான் எதிர்ப்பதற்குக் காரணமும் இதுவே. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரின் டவுன்ஸ்விங், உச்சியிலிருந்து பந்தைத் தொடும் வரை, சுமார் கால் விநாடியில் முடிந்துவிடுகிறது. அவ்வளவு சிறிய நேரத்துக்குள் மடிப்பைப் பிடித்துவைத்துப் பிறகு விடுவோம் என்று எந்த மனிதராலும் யோசித்துச் செய்ய முடியாது. புகைப்படத்தில் தெரியும் அந்த மடிப்பு, வரிசை சரியாக இருந்ததன் விளைவு. விளைவைக் காரணமாகக் காட்டி விற்பதுதான் இந்த வியாபாரம். பாடமும் பொருளும் ஒரே கையிலிருந்து வரும் இடத்தில் கவனமாக இருங்கள். பத்து நாள் பயிற்சி முடிந்ததும் உங்கள் டிரைவரின் (நெடுந்தூரம் அடிப்பதற்கான கிளப்பின்) தண்டு உங்களுக்குப் பொருந்தவில்லை என்று கண்டுபிடிக்கும் பயிற்சியாளருக்கு, அந்தப் புதிய தண்டில் தரகு உண்டா என்று நேராகவே கேளுங்கள். பாதையே குறுக்காக இருக்கும்போது எந்தத் தண்டும் பந்தை நேராக்காது. கற்றுத் தருபவரிடம் சான்றிதழ் இருக்கிறதா என்று நம் கோல்ஃப் மன்றங்கள் கேட்கின்றன. பந்து போன விதத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல அவருக்குத் தெரியுமா என்று கேட்பதில்லை. 2009இல் இந்தியன் ஓபன் கோல்ஃப் போட்டியை வென்ற சி. முனியப்பா, பெங்களூரில் கேடியாக (ஆட்டக்காரரின் கிளப் பையைச் சுமப்பவராக) இருந்து ஆட்டக்காரராக உயர்ந்தவர். அவரைப் போலப் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்ற கேடிகள் இன்னும் பையைத்தான் சுமந்துகொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு நீண்ட நாள் ஆதங்கம்.

இடக்கையை விறைப்பாக நீட்டி வைக்கும்படி சொன்னது உங்களுக்குத் தீங்கே செய்திருக்கிறது. நீண்டிருப்பது வேறு, விறைத்திருப்பது வேறு. விறைத்த கை தோளையும் இறுக்குகிறது. இறுகிய தோள் இறங்காது, சுழலத்தான் செய்யும். இங்கே கால்வின் பீட் என்ற அமெரிக்க ஆட்டக்காரரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிறுவனாக இருந்தபோது மரத்திலிருந்து விழுந்து அவருடைய இடது முழங்கை முறிந்தது. அதன்பின் அந்தக் கையை அவரால் முழுதாக நீட்டவே முடிந்ததில்லை. கோல்ஃபைத் தொட்டதே இருபது வயதைத் தாண்டிய பிறகுதான். இடக்கை நேராக இருந்தே ஆக வேண்டும் என்பது விதியானால், அவர் ஊர் மைதானத்தைக்கூடத் தாண்டியிருக்கக் கூடாது. அவரோ அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் 12 போட்டிகளை வென்றார். 1985இல் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பையும் வென்றார். டீயிலிருந்து (பந்தை வைக்கும் சிறு முளையிலிருந்து) அடிக்கும் முதல் பந்தைப் புல்வழியில் (குழியை நோக்கிய, புல் வெட்டிய பாதையில்) நிறுத்தும் துல்லியத்தில் 1981 முதல் 1990 வரை பத்தாண்டுகள் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தார். வேண்டுமென்றே கையை மடக்கும்படி இதை வைத்து நான் சொல்லவில்லை. அவருடைய கை தன்னால் இயன்ற அளவுக்கு நீண்டது, உடலோடு சேர்ந்தே இறங்கியது. உங்கள் கையும் இயன்ற அளவுக்கு நீண்டால் போதும். பேக்ஸ்விங்கின் உச்சியில் முழங்கை லேசாகத் தளர்ந்தால் அதைக் குறையென்று யாரேனும் சொன்னால், அவருக்குப் பீட்டின் கதையைச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு முன் கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கும் விதத்தை, ஒரு முறை சரிபாருங்கள். கிளப்பைப் பிடித்துக் கீழே பார்க்கும்போது இடக்கையின் இரண்டு விரல் கணுக்களாவது தெரிய வேண்டும். ஒன்றுகூடத் தெரியாவிட்டால் கிளப்பின் முகம் வலப்பக்கம் திறந்தே வரும். அதை ஈடுசெய்ய உடல் தானாகவே இடப்பக்கம் வெட்டும். கைகளை எவ்வளவு திருத்தினாலும் அது போகாது.

பிறகு 8ஆம் எண் அயர்னை (டிரைவரைவிடக் குட்டையான, உலோகத் தலை கொண்ட கிளப்பை) எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக உச்சிவரை கொண்டுபோய், எடையை இடது பாதத்துக்கு மாற்றியபடி, வலது முழங்கை இடுப்புக்கு முன்னால் வரும்வரை மட்டும் இறக்கி நிறுத்துங்கள். மீண்டும் மேலே கொண்டுபோய் இறக்குங்கள். மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, நான்காவது முறை நிறுத்தாமல் பாதி வேகத்தில் அடியுங்கள். பந்துக்கு ஒரு சாண் பின்னால், உங்களிடமிருந்து தள்ளிய பக்கத்தில், கிளப்பின் தலை மட்டும் தாராளமாகக் கடக்கும்படி இடம் விட்டு ஒரு காலி அட்டைப்பெட்டியை வையுங்கள்; குறுக்கே வந்தால் கிளப் அதைத் தட்டும், அதைவிட நேர்மையான ஆசிரியர் கிடையாது. ஒரு நாளைக்கு 25 பந்துகள் போதும். நூறு பந்துக் கூடையைத் தீர்க்க வேண்டும் என்ற அவசரத்தில் பழைய பழக்கம்தான் உறுதிப்படும்.

முழங்கை வலிக்கு, கிளப்பை இறுக்கிப் பிடிப்பது ஒரு காரணமாக இருக்கலாம். நம் ரேஞ்சுகளில் சிமெண்டுத் தரையின்மேல் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் கிடக்கும் தேய்ந்த பாய்கள் மற்றொரு காரணம். பந்தைத் தொடும் முன்பே தரையைத் தட்டும் ஒவ்வொரு அடியின் அதிர்வும் நேராக முழங்கைக்கு ஏறுகிறது. கட்டணத்தை ஏற்றத் தவறாதவர்கள் பாயை மாற்ற மட்டும் மறந்துவிடுகிறார்கள். புல்தரை கிடைக்கும் இடத்தில் பழகுங்கள்; இல்லையென்றால் பந்தைத் தாழ்வான டீயில் வைத்து அடியுங்கள். வலி குறையும்வரை இரண்டு வாரமாவது முழு வேக அடிகளை நிறுத்துங்கள். அதன்பின்னும் வலித்தால் எலும்பு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பாருங்கள். ரேஞ்சில் கிடைக்கும் முழங்கைப் பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு ஆட வேண்டாம்.

மூன்று வாரம் கழித்துக் கைபேசியில் மெதுவேகப் படம் ஒன்று எடுத்துப் பாருங்கள். கைபேசி உங்கள் கைகளின் உயரத்தில், இலக்குக் கோட்டுக்கு இணையாக, உங்கள் வலப்பக்கத்தில், கைகளுக்கு நேராக இருக்க வேண்டும். சற்று விலகி வைத்தாலும் நல்ல ஸ்விங்கும் கெட்டதாகத் தெரியும். டவுன்ஸ்விங்கில் இடக்கை தரைக்கு இணையாக வரும் சட்டகத்தில் படத்தை நிறுத்தி, வலது முழங்கை எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அது விலாவை ஒட்டி வந்திருந்தால், டிரைவரை எடுக்கலாம்.