ஹிஸ்டாரிக்கா, ஹிஸ்டாரிக்கலா?

பினாங்கு ஜார்ஜ் டவுன் நடைச் சுற்றுலாவின் ஆங்கிலத் துண்டறிக்கையில் ஹிஸ்டாரிக் சிட்டி என்று போடுவதா, ஹிஸ்டாரிக்கல் சிட்டி என்று போடுவதா என்று கேட்டிருந்தீர்கள். ஹிஸ்டாரிக்தான், கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள், ஏனென்றால் 2008-இல் யுனெஸ்கோ மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியபோது கொடுத்த பெயரிலேயே ஹிஸ்டாரிக் சிட்டீஸ் என்றுதான் இருக்கிறது. வரலாற்றில் பேர் வாங்கிய இடம், நாள், தீர்ப்பு எதுவானாலும் இந்தச் சொல்தான். ஹிஸ்டாரிக்கல் என்றால் சும்மா பழங்காலத்தைப் பற்றியது, பெருமை ஒன்றும் கிடையாது. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் ஹிஸ்டாரிக். அந்தக் காலத்துக் கோயில் கணக்கேடு ஏதாவது கிடைத்தால், அது ஹிஸ்டாரிக்கல் ரெக்கார்ட். பழைய கட்டடத்தை ஹிஸ்டாரிக்கல் என்று சொல்பவர்கள் நிறைய உண்டு, அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். அப்புறம், ஹிஸ்டாரிக் என்பதற்கு முன்னால் ‘ஆன்’ (an) வேண்டாம், ‘எ’ (a) போதும்.