ஊசி ஒருநாள் நிமிருது, ஒருநாள் படுக்குது: என்ன பிழை?

கோண்டாவிலில் இருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறா: "சூரியக் கலத்துக்காக ஐ.டி.ஓ. (மின் கடத்தும் ஒளிபுகு இந்தியம் தகர ஒட்சைட்டு) பூசிய கண்ணாடியில் காப்பர் தாலோசயனின் என்ற நீலச் சாயப்பொருளை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய விடுகிறேன். வெப்பநிலையும் வேகமும் ஒன்றுதான். ஆனால் நானோ ஊசிகள் ஒருநாள் நிமிர்ந்து வளருது, மற்ற நாள் படுத்துக் கிடக்குது. ஏன்?"

பிள்ளை, அடுப்பை விடுங்கள், முதலில் கண்ணாடியைப் பாருங்கள். இந்த மூலக்கூறு தோசை மாதிரித் தட்டையானது, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு போகும் திசையில்தான் பளிங்கு வேகமாக நீளும். வெறும் ஒட்சைட்டுப் பரப்பை அது பெரிதாகப் பிடித்துக்கொள்ளாது, அதனால் தோசை விளிம்பில் நிற்கும், அடுக்கு பக்கவாட்டில் ஓடும், ஊசியும் படுத்துவிடும். கீழே சில நானோமீற்றர் செப்பு அயடைட்டு இருந்தால் மூலக்கூறு படுக்கும், அடுக்கு மேல்நோக்கி எழும், மின்னேற்றமும் மேலும் கீழுமாக ஓடும். எங்களுக்கு வேண்டியது அதுதான். அயடைட்டைப் போட்டபின் வெற்றிடத்தைத் திறக்காமலே தாலோசயனினையும் போடுங்கள்.

அப்புறம் கழுவுகிற தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது, கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு துளி காய்ந்தால் அதே வெள்ளை கண்ணாடியிலும் இருக்கும், அதைச் சுற்றிப் பளிங்கு கண்டபடி முளைக்கும். கடைசி அலசல் அயன் நீக்கிய நீரில்தான், பிறகு அசெற்றோன், ஐசோபுரொப்பனோல், நைதரசன் ஊதல். புற ஊதா ஓசோன் கொடுத்தபின் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள்: பரந்து ஒட்டினால் சுத்தம், முத்தாக நின்றால் திரும்பவும் கழுவ வேண்டும். அந்தச் சுத்தம் சில மணித்தியாலம்தான் நிற்கும், காற்றிலுள்ள எண்ணெய்ப் பசை திரும்ப ஏறிவிடும், ஆகவே காலையில் கழுவி மாலையில் படிய விடாதீர்கள். உங்கள் "மற்ற நாள்" பெரும்பாலும் அந்த நாள்தான் என்று நினைக்கிறேன்.

ஊசியின் தடிப்பையும் கவனியுங்கள். ஒளி விழுந்து பிறக்கும் எக்சைட்டன் (ஒட்டிக்கொண்ட இலத்திரன்–துளைச் சோடி) மற்றப் பொருளோடு சேரும் எல்லைக்குப் போனால்தான் பிரிந்து மின்னாகும், ஆனால் அது சுமார் 10 நானோமீற்றர் மட்டும்தான் நகரும், ஒளியை நன்றாக உறிஞ்சவோ 100 நானோமீற்றர் அளவு தடிப்பு வேண்டும். 1986இல் டாங் என்ற ஆய்வாளர் இதே சேர்மத்தை வைத்துச் செய்த ஈரடுக்குக் கலம் ஏறத்தாழ 1 சதவீத வினைத்திறனில் நின்றதற்கு இந்த இழுபறியும் ஒரு காரணம். ஆகவே 20 நானோமீற்றர் தடிப்பில், இடைவெளியும் அவ்வளவாக வந்தால் நல்லது. இடைவெளியை ஃபுல்லரீனால் (இலத்திரனை வாங்கிக்கொள்ளும் காபன் மூலக்கூறு) முழுதாக நிரப்புங்கள், ஊசி முனை வெளியே தெரிந்தால் மேல் மின்வாயில் முட்டிக் குறுக்குச் சுற்றாகிவிடும்.

அடுத்த நான்கு கண்ணாடிக்கும் துளி எப்படி நின்றது, கழுவி எத்தனை மணித்தியாலம் ஆனது என்று கொப்பியில் எழுதி அனுப்புங்கள்.