கடலை எப்போது பிடுங்கலாம், எள்ளுப்போர் எத்தனை நாள் இருக்கலாம்? கோடை அறுவடைக் கேள்விகள்

நிலக்கடலை விதைத்து 100 நாள் ஆகிறது. இலை பச்சையாகவே நிற்கிறது. பிடுங்கலாமா, பொறுக்கலாமா?

இலையை நம்ப வேண்டாம். டிக்கா இலைப்புள்ளி நோய் விழுந்த வயலில் காய் முற்றும் முன்பே இலை கொட்டிவிடும். மருந்து அடித்துக் காப்பாற்றிய வயலில் காய் முற்றியும் இலை பச்சையாக நிற்கும். வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் இரண்டிரண்டு செடி பிடுங்கி, காயை உடைத்து ஓட்டின் உட்புறம் பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சு போல இருந்தால் பிஞ்சு. பழுப்போ கறுப்போ ஏறியிருந்தால் முற்றிய காய். பத்துக்கு ஏழெட்டு அப்படி இருந்தால் மறுநாளே ஆள் சொல்லிவிடலாம்.

அதற்குமேல் பொறுப்பதில் லாபம் இல்லை. கொத்துக்கடலை ரகங்களுக்கு விதை உறக்கம் கிடையாது. ஒரு கோடை மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். காயைச் செடியோடு பிணைக்கும் விழுதும் இற்றுப்போய், செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணில் தங்கும். நிலம் இறுகிக் கிடந்தால் இரண்டு மூன்று நாள் முன்பு லேசாகத் தண்ணீர் கட்டுங்கள். மண்ணைப் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில்தான் காய் அறுபடாமல் வரும்.

போன வருஷம் மூட்டையில் கடலை பூசணம் பிடித்தது. கெட்டதைப் பொறுக்கி எடுத்துவிட்டு எண்ணெய் ஆட்டலாமா?

பூசணம் வந்த வழியைச் சொல்லிவிடுகிறோம். பிடுங்கிய செடியை ஈரத்தோடு குவித்தால் உள்ளே சூடேறி, மஞ்சளும் பச்சையும் கலந்த பூசணம் வரும். காய் வெயிலைப் பார்க்கும்படி செடியைக் கவிழ்த்துப் போட்டுக் காயவிட்டுத்தான் ஆய வேண்டும். களைக்கொத்து பட்ட காய், பூச்சி துளைத்த காய், பிஞ்சு மூன்றையும் ஆயும்போதே ஒதுக்குங்கள். பூசணம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். காய்ந்த காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலக்கும். பருப்பைக் கசக்கினால் தோல் உரியும். ஈரம் 8 சதவீதம் அளவுக்கு இறங்கியதன் அடையாளம் இது. பிறகு கோணிச்சாக்கில், பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள்.

விதைக்கடலைக்கு மட்டும் கணக்கு வேறு. உச்சி வெயிலில் சிமெண்ட் களத்தில் போட்டால் முளைப்புத்திறன் போய்விடும். காலை, மாலை இளவெயிலே போதும். உரிக்காமல் காயாகவே வையுங்கள்.

பூசணம் பிடித்ததை ஆட்ட வேண்டாம். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. அந்தப் பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அது இறங்கும். பூசணம் பிடித்த கடலைக்கொடியை மாட்டுக்குப் போடுவதும் அதே தப்புதான்.

எள்ளுச்செடி அடிக்காய் மஞ்சள், நுனியில் இன்னும் பூ. எப்போது அறுப்பது?

அடியிலிருந்து பத்தாவது காயைப் பிளந்து பாருங்கள். கறுப்பு எள் என்றால் உள்ளே விதை கறுத்திருக்க வேண்டும். பழுப்பு ரகம் என்றால் விதை பழுப்பேறியிருக்க வேண்டும். இலையும் கால்வாசி உதிர்ந்திருந்தால் அறுத்துவிடுங்கள். நுனிக்காயும் முற்றட்டும் என்று ஆசைப்பட்டால், நல்ல திரட்சியான அடிக்காய் வெடித்து எள் மண்ணோடு போகும். பனி ஈரம் இருக்கும் விடியற்காலையில் அறுத்தால் காய் சிதறாது.

அறுத்ததை நுனி உள்ளேயும் தூர் வெளியேயும் இருக்க வட்டமாக அடுக்கி, மேலே வைக்கோல் போட்டு மூன்று நாள் போராக விடுங்கள். பிரித்துப் படுதாவில் தலைகீழாகப் பிடித்து உதறினால் முக்கால்வாசி எள் கொட்டிவிடும். ஒரு நாள் வெயில் காட்டி மறுபடி உதறினால் மிச்சமும் வரும். கம்பால் அடித்துத் துவைக்காதீர்கள்; காயின் தூள் கலந்து, தூற்றுவது பெரிய வேலையாகிவிடும். செடி மழையில் நனைந்திருந்தால் காயவைத்த பிறகே போர் போடுங்கள்.

உளுந்தில் வண்டு விழாமல் வைக்க?

வண்டு வயலிலேயே நெத்தின் மேல் முட்டையிட்டு, தானியத்தோடு வீட்டுக்கு வருகிறது. கடித்தால் ‘கடக்’கென்று உடையும்வரை காயவைத்து, சூடு ஆறியபின் கட்டுங்கள். சாப்பாட்டுக்கு என்றால் உடைத்துப் பருப்பாக வைப்பதே மேல். முழு உளுந்தில் பெருகுவதுபோல் உடைத்ததில் வண்டு பெருகாது. முழுதாகத்தான் வேண்டும் என்றால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவுங்கள்.

வெயில் ஏறியதும் கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு சாகின்றன.

எச்சம் வெள்ளையும் பச்சையுமாக இருந்தால் வெள்ளைக்கழிச்சலாகத்தான் இருக்கும். வந்தபின் வைத்தியம் கிடையாது, தடுப்பூசிதான். குஞ்சுக்கு 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஆர்.டி.வி.கே. ஊசி அரை மில்லி. போட்டும் பலிக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் ஐஸ் இல்லாமல் மருந்தைப் பையில் எடுத்து வந்தவர்கள். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்குங்கள். செத்த கோழியைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள்.

பசு பால் குறைந்துவிட்டது.

வைக்கோலை ராத்திரிக்கு மாற்றுங்கள். அது செரிக்கும்போது உடம்புச் சூடு கூடும். பசுந்தீவனம் விடியற்காலையில். கறவை மாடு கோடையில் 60 லிட்டருக்குமேல் குடிக்கும். இருவேளை குடம் காட்டுவது போதாது, தொட்டியில் எப்போதும் நிழல்தண்ணீர் கிடக்கட்டும்.

கடலை எடுத்த மானாவாரி நிலத்தைச் சும்மா விடலாமா?

‘சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்’ என்பார்கள். முதல் கோடை மழை ஈரத்தில் சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். மழைநீர் மண்ணில் இறங்கும். கம்பளிப்புழுவின் கூட்டுப்புழு மேலே வந்து கொக்குக்கும் மைனாவுக்கும் இரையாகும். ரோட்டவேட்டர் வேண்டாம், கொத்துக்கலப்பை போதும். மாவாகிப்போன மண்ணை அடுத்த மழை அடித்துக்கொண்டு போய்விடும்.