தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே அடுத்த குழந்தைக்கு முயன்றால் கரு கலைந்துவிடுமா?

ஒன்றேகால் வயதுக் குழந்தை இன்னும் பால் குடிக்கிறது, மாதவிலக்கும் திரும்பிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் கரு தரிக்க வாய்ப்பு உண்டு. ஆனாலும் பாலூட்டும்போது சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். இரவில் பால் கொடுப்பதைக் குறைத்தாலே சிலருக்குச் சுழற்சி சீராகிவிடும்.

அடுத்து, பால் கொடுத்தால் கரு கலைந்துவிடும் என்று உங்கள் மாமியார் சொன்ன பயம். குழந்தை சப்பும்போது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரப்பதும், அது கருப்பையைச் சுருங்கவைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் ஆரம்ப மாதங்களில் அதற்குச் செவிசாய்க்கும் ஏற்பிகள் கருப்பையில் குறைவு. பிரசவம் நெருங்கும்போதுதான் பெருகும். அதனால் சிக்கலில்லாத கர்ப்பத்தில் பாலை நிறுத்தச் சொல்லி மருத்துவர்கள் பொதுவாக வற்புறுத்துவதில்லை. ஆரம்பத்தில் கரு கலைவதில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறால் நேர்வது. அதற்குத் தாய்ப்பாலைக் குறை சொல்வது அநியாயம்.

முன்பே கரு கலைந்திருந்தால், குறைப்பிரசவம் ஆகியிருந்தால், இப்போது ரத்தக்கசிவோ வயிற்றுவலியோ இருந்தால், இரட்டைக் கரு என்றால் கதை வேறு. மருத்துவரைக் கேட்காமல் பால் கொடுப்பதைத் தொடராதீர்கள். முதல் பிரசவம் சிசேரியன் என்றால் இடைவெளி பற்றியும் கேளுங்கள். பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் நடுவே 24 மாதமாவது விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்புறம், தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கிவிடலாம்.